பணி ஆணைக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே: சேலத்தில் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பு

ஏழைக் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுத்து வேலை வாங்கித் தரும் அமைப்புகளின் ஆண்டறிக்கை எதைப் புரட்டினாலும் ஒரு புகைப்படம் இருக்கும். பணி ஆணையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி இளைஞர்கள் வரிசையாக நிற்பார்கள். நன்கொடையாளர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். அதில் நிற்பவர்களில் எத்தனை பேர் நான்காவது மாதமும் அதே வேலையில் இருந்தார்கள் என்பதற்கு அறிக்கையில் பெரும்பாலும் பதில் இருக்காது. கேட்பவர்களும் குறைவு.

சேலத்தில் 2024–25 கல்வியாண்டில் நடந்த ஒரு வகுப்பை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்க்கும் சிலரும், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து நடத்திய வகுப்பு அது. அதில் தரவுத்தளப் பாடம் என்னுடையது. மாணவர்களின் பெயரையோ ஊரையோ அவர்கள் சேர்ந்த நிறுவனத்தையோ சொல்லப்போவதில்லை. சேலம் போன்ற ஊரில் இரண்டு விவரம் சொன்னால் மூன்றாவதை ஊரே சொல்லிவிடும்.

வேலை கிடைத்த நாளுக்கும் முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் நாளுக்கும் இடைப்பட்ட ஒன்றரை மாதத்தில்தான் இந்த வகுப்பு தன் மாணவர்களை இழந்தது. பயிற்சித் திட்டங்கள் பணத்தையும் கவனத்தையும் கொட்டுவதோ அதற்கு முந்தைய மாதங்களில். இந்த ஆய்வு அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றியது. அங்கே போய்ச் சேர்வதற்கு மற்ற தடைகளையும் தாண்டித்தான் ஆகவேண்டும்.

வகுப்புக்கு வந்தவர்கள்

எல்லோரும் பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. கணிதம் ஆகியவற்றில் இறுதியாண்டு. அரசு கலைக் கல்லூரி அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி. பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வெளியூர்க்காரர்களுக்குச் சேலம் என்றால் மாம்பழம், உருக்காலை. இந்த மாணவர்களின் வீடுகள் இருப்பது வேறொரு சேலத்தில்: செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் ஓடும் தறிகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், சேர்வராயன் மலைமேல் காபித் தோட்டங்கள்.

இந்தத் தொழில்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கூலி வாரக் கணக்கு. சனிக்கிழமை மாலை கையில் பணம் வரும். ஞாயிற்றுக்கிழமை அரிசி, எண்ணெய், வட்டி என்று அது பிரிந்துபோகும். மாதக் கடைசியில் மொத்தமாகச் சம்பளம் என்பது இந்த வீடுகளில் யாரும் பழகாத கணக்கு. வகுப்பு தொடங்கியபோது இதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நாங்கள் கேட்ட கேள்விகளெல்லாம் ஆங்கிலம் எப்படி, கணக்கு எப்படி, தட்டச்சு வருமா என்பவைதான். வீட்டில் பணம் எந்தக் கிழமை வருகிறது என்று எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

இருவரை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகன். பகலில் கல்லூரி, மற்ற நேரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைப்பு வேலை. பட்டறை முதலாளியிடம் அப்பா வாங்கியிருந்த முன்பணம் ஒன்று பல ஆண்டுகளாக அடைபடாமல் கிடந்தது. மகனின் கைவேலைக்கு வந்த கூலி அந்தக் கணக்கில்தான் கழிந்துகொண்டிருந்தது. இன்னொருவர் ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி; ‘மலையாளி’ எனப்படும் மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்தவர். தாய் தந்தை இருவரும் தோட்டக் கூலிகள். வார நாட்களில் சேலத்தில் அரசு நல விடுதி. வாரக் கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரும் பறிக்கப் போவார். எங்கள் வகுப்பும் சனி, ஞாயிறுதான். அந்த மூன்று மாதம் அவருக்கென்று புதன்கிழமை மாலை தனியாக ஒரு வகுப்பு வைத்தோம். அதற்கு விடுதியில் அனுமதி வாங்கிய கதையே தனி ஆய்வுக்கு ஆகும்.

அரசு தரப்பில் எதுவும் இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே திறன் பயிற்சி வந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டில் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ மாணவர்களுக்கும் அதையே தருகிறது. எங்கள் மாணவர்களில் பலருக்கு அந்த ஆயிரம்தான் கைப்பேசி ரீசார்ஜும் பஸ் காசும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தொகை இல்லாவிட்டால் பாதிப்பேர் வகுப்பு வரை வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மடிக்கணினி விஷயத்தில் எங்கள் வகுப்பு மாணவர்களுக்கு நேர்ந்தது கொடுமை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கொரோனாவோடு நின்றுபோனது. 2022-இல் பிளஸ் டூ முடித்த இவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்ற அறிவிப்பு 2025 மார்ச் பட்ஜெட்டில் வந்தபோது இவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை. கணினி அறிவியலில் பட்டம் பெறப்போகும் மாணவர்கள் மூன்று ஆண்டு முழுக்கக் கைப்பேசித் திரையில் நிரல் எழுதிப் பழகியிருந்தார்கள். அரைப்புள்ளியைத் தேடி இரண்டு விசைப்பலகைப் பக்கம் தாண்டும் கட்டைவிரலின் பொறுமையை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

அறுபது விழுக்காடு

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பொறியியல் படிக்காத பட்டதாரிகளையும் எடுக்கின்றன. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களைச் சேர்த்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கும் விப்ரோவின் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. பள்ளி முடித்தவர்களையே எடுத்துப் பயிற்றுவிக்கும் வேலையை 2005-இலேயே ஜோஹோ தொடங்கிவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பல நிறுவனங்களில் வாசல்படி ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் இருக்கக் கூடாது.

2025-இல் பட்டம் பெற்றவர்கள் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு 2019–20. அந்த ஆண்டு பொதுத்தேர்வு கொரோனாவால் ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். அரையாண்டுத் தேர்வைப் பற்றித் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு முன் சோம்பிவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் கையை இறுக்கித் திருத்தும் தேர்வு அது. ‘பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாணவர்களும் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டவர்களின் மதிப்பெண் ஐந்து ஆண்டு கழித்து ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் வந்து வழிமறித்தது. பட்டறை மாணவர் பத்தாம் வகுப்பில் அறுபதுக்குச் சற்றுக் கீழே. பட்டப்படிப்பில் எழுபதுக்கு மேல் இருந்தும், எங்கள் வகுப்பில் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல். வினவல்களை எல்லோருக்கும் முன்னால் எழுதிக் காட்டியவராக இருந்தும், முதல் மூன்று நான்கு நிறுவனங்களின் படிவம் அவரைத் தேர்வு எழுதவே விடவில்லை.

பயிற்சி தருபவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். எந்த நிரல்மொழியைக் கற்பிப்பது, ஜாவாவா பைத்தானா என்ற சண்டை எங்கள் குழுவிலும் நடந்தது. நிறுவனங்களின் தகுதி வரையறையை முதலிலேயே திரட்டி, எந்த மாணவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று ஆளுக்கு ஒரு தாள் போட்டு வைப்பது அதைவிடப் பயன் தரும் வேலை. பாதி வகுப்பு கடந்த பிறகு அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைச் செய்தார். அந்தத் தாள் வந்த பிறகு மாணவர்கள் தங்களுக்கு ஒத்துவராத நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து மனம் நொந்துபோவது குறைந்தது.

பிழைச் செய்தி வாசித்தல்

பாடங்களைப் பட்டியலிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பைத்தான், எஸ்.க்யூ.எல்., எக்செல், கொஞ்சம் மென்பொருள் சோதனை, திறனறித் தேர்வுக் கணக்குகள்: எல்லா இடத்திலும் இருப்பவைதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

நிரல் ஓடாமல் திரையில் சிவப்பாக ஏதாவது வந்தால் இந்த மாணவர்கள் செய்யும் முதல் காரியம் அதை அழித்துவிடுவது. அதை அவர்கள் திட்டு வாங்கியதாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தமிழ் வழியில் படித்தவர்களிடம் இது அதிகம். ஆங்கிலத்தில் நான்கு வரி சேர்ந்து வந்தாலே அது தனக்கு இல்லை என்று கண் விலகிவிடுகிறது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒதுக்கியிருந்த நேரத்தில் ஒரு பகுதியைப் பிழைச் செய்தி வாசிப்பதற்குத் திருப்பினோம். கீழிருந்து மேலாகப் படி; வரி எண்ணைப் பார்; ‘நேம் எரர்’ என்றால் நீ வைக்காத பெயரைக் கூப்பிடுகிறாய்; ‘இன்டென்டேஷன் எரர்’ என்றால் இடைவெளி பிசகியிருக்கிறது. நிரல்மொழி பேசும் ஆங்கிலம் மிகச் சிறியது. திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் சில டஜன் இருந்தால் அதிகம். அவை பிடிபட்டதும் அழிப்பது நின்றது. வேலைக்குப் போன பிறகும் இதுதான் கை கொடுத்தது என்று மலை மாணவி பின்னால் சொன்னார். அவருக்குக் கிடைத்தது வாடிக்கையாளர் அனுப்பும் பிழைப் புகார்களைப் படித்து வகைப்படுத்தும் வேலை.

‘உன்னை அறிமுகப்படுத்திக்கொள்’ என்ற நேர்முகத் தேர்வுக் கேள்விக்கு மனப்பாடப் பதில் தயாரித்துக் கொடுக்கும் வழக்கம் எல்லாப் பயிற்சி மையங்களிலும் உண்டு. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் இருபது பேர் சொல்லக் கேட்கும் தேர்வாளர் என்ன நினைப்பார்? பட்டறை மாணவரிடம், கொலுசுக்குப் பற்றவைப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னோம். வார்த்தை தடுமாறியது; விளக்கம் தடுமாறவில்லை. எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே பிசகினால் வெள்ளி வீணாகும் என்று அவர் சொன்னது ஒரு செயல்முறை ஆவணத்துக்குரிய தெளிவோடு இருந்தது. நேர்முகத் தேர்விலும் அதையே சொல்லித்தான் அவர் தேர்வானார்.

டிசம்பர் மழை

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்து டிசம்பர் முதல் நாட்களில் ஏற்காட்டில் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது, போக்குவரத்து நின்றது. மலை மாணவி வாரக் கடைசிக்கு வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. அந்த வாரம்தான் அவருக்கு ஒரு நிறுவனத்தின் இணையவழித் தேர்வு. கேமரா உள்ள மடிக்கணினி வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்ற வகைத் தேர்வு. எங்களிடமிருந்த இரவல் மடிக்கணினி அவருக்காக அஸ்தம்பட்டியில் மேசைமேல் இருந்தது. அவர் மலைமேல் இருந்தார்.

சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்து வந்து அவர் அனுப்பிய குறுஞ்செய்தி எங்களுக்குக் கிடைத்தபோது தேர்வு நேரம் முடிந்திருந்தது. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினோம். தானியங்கிப் பதில் வந்தது. பிறகு குழுவில் ஒருவர், தன்னோடு கல்லூரியில் படித்த நண்பர் அதே நிறுவனத்தில் இருப்பது நினைவுக்கு வந்து தொலைபேசியில் பேசினார். இரண்டு நாளில் மறுதேர்வுக்கு நேரம் கிடைத்தது.

கோயம்புத்தூர்த் தனியார் பொறியியல் கல்லூரி மாணவி ஒருவருக்கு இதே நிலை வந்தால், கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அதிகாரியை நேரே கைப்பேசியில் கூப்பிடுவார். அவர்கள் ஆண்டுதோறும் சந்திப்பவர்கள். அரசு கலைக் கல்லூரியில் அந்தப் பொறுப்பு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் தலையில் கூடுதல் சுமையாக வைக்கப்படுகிறது. அவருக்கு யார் எண்ணும் தெரியாது. மாணவியின் திறமையில் அந்த இரண்டு நாளில் எந்த மாற்றமும் இல்லை. யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் மாறியது.

பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

சான்றிதழ் சரிபார்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், ஆனால் கடக்காமல் விட முடியாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. பான் அட்டையோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்படி விரித்தால் அப்பாவின் பெயர் அட்டையில் இவருடைய கடைசிப் பெயராகிவிடும். நான்கு ஆவணத்தில் நான்கு பெயர். நிறுவனத்தின் பின்புலச் சரிபார்ப்பு மென்பொருள் நால்வரையும் வெவ்வேறு ஆட்களாகப் பார்க்கிறது. வசதியான வீடுகளில் இதை யாராவது ஒருவர் பள்ளிக் காலத்திலேயே சரிசெய்து வைத்திருப்பார். இங்கே பணி ஆணை வந்த பிறகு ஆதார் மையத்துக்கு ஓட்டம். எங்கள் மாணவர்களில் இருவருக்கு இதனாலேயே சேரும் தேதி தள்ளிப்போனது. இப்போது வகுப்பின் முதல் வாரப் பாடமே நான்கு ஆவணத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து ஒப்பிடுவதுதான்.

நாற்பது நாள்

பட்டறை மாணவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்காத ஒரு நடுத்தர நிறுவனம். மென்பொருள் சோதனைப் பிரிவு. 2025 ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில் சேரச் சொன்னார்கள். புகைப்படம் எடுத்தோம். நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான்.

கணக்கு இப்படி. பல நிறுவனங்களில் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி வாக்கில் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பின் சேர்பவருக்கு அந்த மாதத்துச் சில நாள் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். ஜூலைக் கடைசியில் சேர்ந்தவருக்கு முதல் பணம் ஆகஸ்டு முடியும்போது. அதுவரை தங்கும் விடுதிக்கு ஒரு மாத வாடகை அட்வான்ஸ், நடப்பு மாத வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகத்துக்கும் விடுதிக்கும் பஸ், இரண்டு சட்டை, ஒரு ஜோடி காலணி. அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். இது செலவுப் பக்கம்.

வரவுப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. மகன் சென்னைக்குப் போன அந்த வாரமே சனிக்கிழமைக் கூலியில் ஒரு கை குறைந்தது. ஆடி மாதம் பட்டறைக்கு மந்தமான காலம் என்பதால் முதல் சில வாரம் பெரிதாகத் தெரியவில்லை. ஆவணி பிறந்ததும் முகூர்த்த ஆர்டர்கள் வந்து குவிந்தன. முதலாளி ஆள் கேட்டார். ‘முன்பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் பையனை உட்காரச் சொல்’ என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் முன்பணத்தின் பொருளே அதுதான். ஆள் கையை விட்டுப் போகாமல் இருக்கக் கொடுப்பது. அப்பா மகனுக்குத் தொலைபேசியில் பேசினார். மகன் ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார். முதல் சம்பளம் அவர் கணக்கில் விழுந்தபோது அவர் பட்டறையில் இருந்தார்.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அவரை ‘தகவலின்றிப் பணிக்கு வராதவர்’ என்று குறித்துக்கொண்டது. எங்கள் குழுவில் சிலர் ‘பொறுப்பில்லை’ என்றார்கள். பயிற்சித் துறையில் இருப்பவர்கள் இந்த வகை விலகலுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் மாணவரின் குணத்தைப் பற்றியவை: வீட்டு ஏக்கம், மன உறுதி இல்லை, நகர வாழ்க்கைக்குப் பழகவில்லை. அவருடைய வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் அவர் எடுத்த முடிவைத் தவிர வேறு எதையும் யாரும் எடுத்திருக்க முடியாது. வாரக் கணக்கில் ஓடும் குடும்பத்திலிருந்து ஒரு ஆளைப் பிடுங்கி, மாதக் கணக்கில் சம்பளம் தரும் இடத்தில் நட்டோம். நடுவில் இருந்த நாற்பது நாளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இதை முன்பே யாரும் யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக மத்திய அரசு 2014 செப்டம்பரில் அறிவித்த தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டத்துக்கு முதலில் வகுத்த விதிகளில், வேலைக்குச் சேர்ந்த பிறகு சில மாதங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை இருந்தது. சொந்த மாவட்டத்துக்கு வெளியே போனால் கூடுதல் மாதங்கள். வேலை என்று கணக்கில் ஏற்றுவதற்கே மூன்று மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. தொகை சென்னைக்குப் போதாது. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்காகத் தனியார் நன்கொடையில் நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் செலவுத் தலைப்புகள் பயிற்றுநர் ஊதியம், அறை வாடகை, பாடநூல், சான்றிதழ் என்பதோடு முடிந்துவிடும்.

மலை மாணவிக்குச் சேரும் தேதி செப்டம்பர் இருபதுக்குச் சற்றுப் பின்னால் வந்தது. அதற்குள் பட்டறை மாணவரின் கதை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று காரியம் செய்தோம். நிறுவனத்துக்கு எழுதி, சேரும் தேதியை அக்டோபர் முதல் தேதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். மாற்றித் தந்தார்கள். யாரும் கேட்பதில்லை, கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். இந்த ஒரு மின்னஞ்சலால் முதல் சம்பளத்துக்கான காத்திருப்பு ஒரு மாதமாகச் சுருங்கியது. இரண்டாவது, குழுவில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை கொடுத்தோம். இரண்டாவது சம்பளத்திலிருந்து தவணையாகத் திருப்பினால் போதும். இனாமாகக் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். மாணவியே கடனாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது அவர் தாயார் கேட்டது. கூடச் சேலத்துப் பெண் யாராவது இருக்கிறாரா என்று மட்டும்தான் கேட்டார். நல விடுதியில் உடன் இருந்த இரண்டு பேர் ஏற்கெனவே சென்னையில் வேறு நிறுவனங்களில் சேர்ந்திருந்தார்கள். மூவரும் ஒரே அறை எடுத்தார்கள். அட்வான்ஸ் மூன்றாகப் பிரிந்தது.

அவர் வேலையில் நிலைத்தார். கடன் அடைந்துவிட்டது. நிரல் எழுதும் பிரிவுக்கு மாற வேண்டும் என்று இப்போது நச்சரித்துக்கொண்டிருக்கிறார். வந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் புகார் வகைப்படுத்திக்கொண்டிருக்க அவருக்கு மனமில்லை. அதற்காக அவர் மலை இறங்கவில்லை. நிறுவனங்கள் பி.எஸ்சி. பட்டதாரிகளை அந்த வகை வேலைகளிலேயே வைத்துக்கொள்ள விரும்புகின்றன என்பது வேறொரு சண்டை.

இரு மாணவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒருவருக்குக் கடன் கொடுத்தோம் நிலைத்தார், மற்றவருக்குக் கொடுக்கவில்லை திரும்பினார் என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். அவ்வளவு நேர்கோடு கிடையாது. தோட்டக்கூலிக் குடும்பத்தில் மகள் போனதால் குறைந்த வருமானம் சிறியது. அவர் பறித்தது காபிப் பருவத்தில், அதுவும் வாரக் கடைசியில். பட்டறைக் குடும்பத்தில் மகனின் கை ஆண்டு முழுதும் கடனைக் கழித்துக்கொண்டிருந்த கை. விடுதி அட்வான்ஸுக்கு உதவியிருந்தாலும் ஆவணியில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். அங்கே தேவைப்பட்டது முன்பணத்தின் ஒரு பகுதியையாவது தீர்க்கும் தொகை. அதை எந்தப் பயிற்சித் திட்டத்தின் வரவு செலவில் எழுதுவது? வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்த பணத்தில் பட்டறை முதலாளியின் கடனை அடைத்தோம் என்று தணிக்கையாளரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

உள்ளூரிலேயே வேலை என்ற வழியும் உண்டு. ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. கருப்பூரில் 2024 செப்டம்பரில் அதே வகையில் சிறிய டைடல் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைக் கையாளும் அலுவலகங்கள் நகரில் உண்டு. சம்பளம் சென்னையைவிடக் குறைவு, சிலவற்றில் இரவுப் பணி. ஆனால் விடுதி இல்லை, அட்வான்ஸ் இல்லை, வீட்டுச் சாப்பாடு. மாதம் கையில் மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்தால் முதல் ஓர் ஆண்டுக்கு உள்ளூர் வேலை பல குடும்பங்களுக்கு மேல். இதைச் சொன்னால் பயிற்சி அமைப்புகளுக்குப் பிடிக்காது. அறிக்கையில் சராசரி ஆண்டுச் சம்பளம் இறங்கிவிடும்.

பட்டறை மாணவர் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு சேலத்திலேயே ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். தரவு சரிபார்க்கும் வேலை; எங்களிடம் கற்ற எஸ்.க்யூ.எல். தினமும் பயன்படுகிறது என்கிறார். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறை. முன்பணம் கழிந்துகொண்டே இருக்கிறது. எப்போது முடியும் என்று கேட்டதற்கு, வெள்ளி விலை ஏறுகிற வேகத்தில் ஆர்டர் குறைந்து கூலியும் குறைந்தால் கணக்கு நீளும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினார்.

அந்த ஆண்டு அறிக்கை எழுதும்போது அவரை எப்படிக் குறிப்பது என்று குழுவில் பேச்சு வந்தது. நன்கொடையாளர் தந்த படிவத்தில் பணி ஆணைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. வேலையில் நீடிப்பவர்களுக்கோ திரும்பி வந்தவர்களுக்கோ கட்டம் இல்லை. அவர் இரண்டு ஆணை பெற்றவர் என்பதால் படிவத்தின்படி இரண்டு வேலைவாய்ப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒன்று என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் மூன்றாவது மாதச் சம்பளம் வந்த தேதியைக் குறித்தார். அடுத்த வகுப்பிலிருந்து எல்லோருக்கும் அந்தத் தேதியைக் குறிப்பது என்று முடிவானது. மலை மாணவிக்குக் கொடுத்ததுபோல் கடன் கொடுத்து, திரும்பி வருவதை அடுத்தவருக்குக் கொடுக்கும் சுழல்நிதிக்குத் தனியாக வங்கிக் கணக்கு திறந்தாகிவிட்டது.

அடுத்த வகுப்பு மாணவர்கள் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அந்த ஆண்டுச் சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் இருக்கிறது, மதிப்பெண் இல்லை. விழுக்காடு கேட்கும் படிவங்களில் அவர்கள் என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.